கீழக்கரைத் தம்பியின் படங்கள் லினக்ஸால் போகவில்லை

ஞாயிற்றுக்கிழமை சுற்றிய அந்த வாய்ஸ் நோட்டைக் கேட்காதவர்கள் இந்நேரம் நம் பக்கம் யாரும் இருக்க மாட்டீர்கள். கீழக்கரைத் தம்பி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டு வீட்டிலேயே ஓட்டிய ஹோம் சர்வரில் ஆறு வருஷ வீட்டுப் படங்கள் போய்விட்டன என்றதும் "லினக்ஸ் போட்டா இப்படித்தான்" என்று தீர்ப்பே வந்துவிட்டது. மூன்று நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

லினக்ஸ் எதையும் விழுங்கவில்லை. பேக்கப் என்று நம்பிய ஒன்று பேக்கப்பாக இல்லை. மெஷின் தானே எழுதி வைக்கும் பதிவான லாகைத் தம்பி அனுப்பினான், அதை வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

சர்வர் ஒரு பழைய லேப்டாப். படங்கள் இருந்தது 3.5 இன்ச் வெளி டிஸ்க்கில். அதற்குத் தனி 12 வோல்ட் அடாப்டர். கரண்ட் போனால் லேப்டாப் தன் பேட்டரியில் நிற்கும், டிஸ்க் அணைந்துவிடும். அன்றைக்குக் கரண்ட் பல தடவை போய் வந்தது. பிறகு லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தபோது டிஸ்க் தெரியவில்லை. எந்த டிஸ்க்கை எந்த ஃபோல்டரில் இணைக்க, அதாவது மவுண்ட் செய்ய வேண்டும் என்று சொல்லும் எஃப்ஸ்டாப் கோப்பில், டிஸ்க் இல்லாவிட்டாலும் நிற்காதே என்று சொல்லும் நோஃபெயில் இருந்ததால் டிஸ்க் இல்லாமலே மெஷின் எழுந்துவிட்டது. நோஃபெயில் போட்டது தப்பில்லை. அது இல்லையென்றால் எமர்ஜென்சி மோடில் போய் நின்றிருக்கும். ஆனால் மவுண்ட் ஆகாத ஃபோல்டர் வெறும் காலி ஃபோல்டர். இரவு 3 மணிக்கு, பிரதி எடுக்கும் கட்டளையான ஆர்சிங்க், மூலத்தில் இல்லாததைப் பிரதியிலும் அழிக்கும் டிலீட் ஆப்ஷனோடு ஓடியது. மூலத்தில் ஒன்றும் இல்லை, ஆகவே பேக்கப் டிஸ்க்கிலும் ஒன்றும் இருக்கக் கூடாது என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் துடைத்தது. எந்தப் பிழையும் காட்டவில்லை, ஏனென்றால் காலி ஃபோல்டர் அதற்குப் பிழையே இல்லை.

படங்களை ஆல்பமாகக் காட்டும் சாப்ட்வேரான இம்மிச் அன்றைக்கே ஸ்டார்ட் ஆக மறுத்திருக்கிறது. தன் ஃபோல்டர்களுக்குள் வைத்த அடையாளக் கோப்பு காணவில்லை என்றால் அது எழாது. அது எச்சரிக்கை. "சாப்ட்வேர் கெட்டுப்போச்சு" என்று எடுத்துக்கொண்டதுதான் தம்பியின் ஒரே தவறு. டிலீட் ஆப்ஷனைச் சொல்லிக்கொடுக்கும் வீடியோக்களில் எத்தனை பேர் இந்த ஆபத்தைச் சொல்கிறார்கள்? அவர்களை யாரும் கேட்கவில்லை, தம்பியைத்தான் கேட்கிறார்கள்.

இதைத் தடுக்க ஒரே வரி போதும். பேக்கப் ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் மவுண்ட்பாயிண்ட் கட்டளையால் இரண்டு டிஸ்க்கும் மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கட்டும். ஆர்சிங்க்கை விட மனசில்லை என்றால் மேக்ஸ்-டிலீட் 100 சேர்த்துக்கொள்ளுங்கள், 100 கோப்புக்கு மேல் அழிக்காது. நான் சொல்வது ரெஸ்டிக் என்ற பேக்கப் சாப்ட்வேர். ஒவ்வொரு இரவும் தனி ஸ்னாப்ஷாட், அதாவது அன்றைய நிலையின் பிரதி. இன்றைக்கு மூலம் காலியானாலும் நேற்றைய ஸ்னாப்ஷாட் அப்படியே இருக்கும். தினசரி 7, வாராந்திரம் 4, மாதாந்திரம் 12 வைத்துக்கொண்டால் வீட்டுக்குப் போதும். அதன் பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தொலைந்தால் யாராலும் திறக்க முடியாது. படங்களோடு டேட்டாபேஸையும் எடுக்க வேண்டும். ஆல்பமும் முகங்களுக்கு வைத்த பெயர்களும் போஸ்ட்கிரஸ் என்ற அந்த டேட்டாபேஸில்தான் இருக்கின்றன. இம்மிச் வழக்கமாக இரவு 2 மணிக்கு அதை ஒரு கோப்பாக டம்ப் எடுத்து வைக்கிறது, அதனால் உங்கள் பேக்கப்பை 3 மணிக்கு ஓட விடுங்கள்.

மாதம் ஒரு முறை பத்துப் படத்தை வேறு ஃபோல்டரில் மீட்டுத் திறந்து பாருங்கள். திரும்பத் திரும்ப இதையேதான் சொல்வேன். மீட்டுப் பார்க்காத பேக்கப், பேக்கப் இல்லை. விண்டோஸில் இருந்தாலும் இல்லை, லினக்ஸில் இருந்தாலும் இல்லை.

"ரெய்டு போட்டிருக்கணும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். ரெய்டு 1 என்றால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி எழுதுவது. அது இருந்தால் அழிப்பதும் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் நடக்கும். இரண்டும் ஒரே பெட்டியில், ஒரே அடாப்டரில், ஒரே உப்புக் காற்றில்.

உப்புக் காற்றைப் பற்றி யாருமே பேசவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். நாம் இருப்பது கடலோரத்தில். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் படிந்த உப்பு தானே தண்ணீரை இழுத்துக்கொள்ளும், பிறகு யுஎஸ்பி முனையும் அடாப்டர் பின்னும் அரிக்கத் தொடங்கும். 1914ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தைக் காலமெல்லாம் பெயிண்ட் அடித்தே காப்பாற்றினார்கள், 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினார்கள். நம் அடாப்டர் எம்மாத்திரம்? கடல் பார்த்த ஜன்னலோரத்தில் சர்வர் வேண்டாம். கச்சான் காற்று அடிக்கும்போதும் வாடைக் காற்று அடிக்கும்போதும் முனைகளைக் கழற்றி ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடையுங்கள். தனி அடாப்டர் கேட்காத 2.5 இன்ச் டிஸ்க் வாங்கினால் லேப்டாப் பேட்டரியே அதற்கும் யுபிஎஸ். மூன்றாவது டிஸ்க்கைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு, பரமக்குடியிலோ மதுரையிலோ சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போன கடற்கரை இது. எல்லாப் பிரதியையும் ஒரே வீட்டில் வைக்க நமக்கு உரிமை இல்லை.

"கூகுளில் போட்டிருந்தால் போயிருக்காதே" என்பவர்களுக்கு: சரிதான், அதை ஒரு பிரதியாக வைத்துக்கொள்வதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இலவசம் 15 ஜிபிதான், மெயிலும் அதற்குள்தான். "கரண்ட் பில்" என்பவர்களுக்கு: சும்மா இருக்கும் லேப்டாப் 10 வாட் இழுத்தால் மாதம் 7.2 யூனிட். "வெளியூரிலிருந்து திறக்க முடியலை" என்பதும் லினக்ஸின் குற்றம் இல்லை. ரவுட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127க்குள் தொடங்கினால் அது சிஜிநாட், அதாவது நெட் கம்பெனி ஒரே வெளி முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுப்பது. ரவுட்டரில் வெளியிலிருந்து வழி திறக்கும் போர்ட் ஃபார்வர்டிங் அதில் எடுபடாது, அதைத் தாண்டி இணைக்கும் டெயில்ஸ்கேல் போடுங்கள்.

ஸ்டுடியோக்காரர் ஒருவரின் கல்யாண ஆல்பம் டிஸ்க்கோடு போனால் "டிஸ்க் போயிருச்சு" என்கிறோம். யாரும் விண்டோஸைத் திட்டுவதில்லை. தம்பிக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

ஏனென்று எனக்குத் தெரியும். அந்த வாய்ஸ் நோட்டின் கடைசியில் இருக்கிறது. "போட்டுக்குப் போற வீட்டுப் பையனுக்கு எதுக்கு சர்வர்." கேட்டுவிட்டுச் சாப்பிட முடியவில்லை. மீன்பிடி போட்டுக்குப் போகிற வீட்டில் ஜிபிஎஸ் பார்க்கிறார்கள், எக்கோ சவுண்டர் பார்க்கிறார்கள், நடுக்கடலில் நின்ற டீசல் இன்ஜினைப் பிரித்துக் கிளப்பிக் கரைக்கு வருகிறார்கள். புயல் கொடி ஏறினால் ஒரே கயிற்றில் போட்டைக் கட்டிவிட்டு எவரும் வீட்டுக்குப் போவதில்லை. பேக்கப் என்றால் என்னவென்று நம் ஊருக்கு வெளியாள் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. 2025 அக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்தது. பழைய இரும்புக்குப் போகவிருந்த லேப்டாப்பில் டெபியன் லினக்ஸ் போட்டு, வீட்டுப் படங்களை எல்லாம் ஒரு இடத்தில் சேர்த்த பையன் அவன். வாப்பாவின் பழைய படங்களும் அதில்தான் இருந்தன.

தம்பி, உனக்கு ஒரு வார்த்தை. துடைக்கப்பட்டது பேக்கப் டிஸ்க். மூல டிஸ்க் தெரியாமல் போனது, அவ்வளவுதான். செத்தது என்று இன்னும் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. சுற்றத் தொடங்கும்போதுதான் டிஸ்க் அதிக ஆம்பியர் இழுக்கும், அரித்துப்போன அடாப்டர் அங்கேயே விழுந்துவிடும். அதே 12 வோல்ட், அதே ஆம்பியர் அல்லது கூடுதல், அதே முனை உள்ள வேறு அடாப்டரில் போட்டுப் பார். டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்து. விண்டோஸ் மெஷினில் சொருகினால் ஃபார்மட் செய்யவா என்று கேட்கும், எக்காரணம் கொண்டும் சரி கொடுக்காதே. டிஸ்க் தெரிந்தால் அதில் எதையும் எழுதாமல் டிடிரெஸ்கியூ என்ற மீட்புக் கருவியில் வேறு டிஸ்க்குக்கு முழுப் பிரதி எடு. பேக்கப் டிஸ்க்கையும் கழற்றி வை. அழிந்த கோப்புகளைத் தேடி எடுக்கும் ஃபோட்டோரெக்கால் தேடினால் பெயர் இல்லாமலாவது படங்கள் வரலாம். சனிக்கிழமை இரண்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா. 12 வோல்ட் அடாப்டர் என்னிடம் இருக்கிறது.