பூ உதிர்ந்த பிறகுதான் வேலையே

குரோக்கஸ், ஸ்னோடிராப் (குளிர்நாடுகளில் வசந்தத்தை ஒட்டிப் பூக்கும் சிறு செடிகள்) பற்றிய உங்கள் தோட்டக் குறிப்பில், அவற்றின் கிழங்குகளை இலையுதிர் காலத்திலேயே நடச் சொன்னது சரி. ஆனால் பூ முடிந்ததும் இலைகளை வெட்டிவிடலாம் என்ற வரியைத் தயவுசெய்து மாற்றுங்கள். அடுத்த வருடப் பூவுக்கான உணவை அந்த இலைகள்தான் தயாரித்துக் கிழங்குக்கு அனுப்புகின்றன. பச்சையாக இருக்கும்போதே வெட்டினால் மறுவருடம் வெறும் இலை மட்டும் வரக்கூடும். நுனியிலிருந்து மஞ்சளாகி, லேசாக இழுத்தாலே கையோடு வரும்வரை விட்டுவைக்க வேண்டும். பார்க்க அழகாக இருக்காதுதான், பரவாயில்லை. வாடிய பூவை மட்டும் கிள்ளிவிடலாம்.

அப்புறம், ஆழம். கிழங்கின் உயரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில், கூர்முனை மேலே இருக்கும்படி நடுங்கள். தண்ணீர் தேங்கும் மண்ணில் அழுகிவிடும். ஸ்னோடிராப்பைப் பிரித்து நட, பூ முடிந்து இலை பச்சையாக இருக்கும் சமயமே நல்லது. காய்ந்த கிழங்கு பல நேரம் முளைப்பதில்லை.