"பழைய துணிதானே, தைத்துக்கொள்வார்கள்"

நேற்று என் பதிவின் கீழ் நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். 2025 ஜூனில் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்து ஓவியக் காட்சியகமான உஃபிசியில் ஒருவர், ஓவியத்தில் இருப்பவரைப் போலவே நின்று போட்டோ எடுக்கிறேன் என்று பின்னால் நகர்ந்து, அதன் மேலேயே சாய்ந்து கிழித்தாரே, அதற்குத்தான் அத்தனை சிரிப்புக் குறி. "பழைய துணிதானே, தைத்துக்கொள்வார்கள்" என்றார் ஒரு அண்ணன்.

தைக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அது யாருடைய படம் அண்ணே? ஃபுளோரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பத்து இளவரசர் ஃபெர்டினாண்டோ தெ மெடிச்சி. பியானோவை உருவாக்கிய கிறிஸ்டோஃபோரியை வேலைக்கு வைத்திருந்த மனிதர். பியானோ கேட்டு உருகி நீங்கள் போட்ட பதிவு இன்னும் அப்படியே இருக்கிறது.

அவருடைய தங்கைதான் அன்னா மரியா லூயிசா. 1737இல் தம்பியும் இறந்து வம்சம் முடிந்தபோது, ஆட்சி வேறு குடும்பத்துக்குப் போனாலும் ஒரு ஓவியம்கூட ஃபுளோரன்ஸை விட்டு வெளியே போகக்கூடாது என்று எழுதி வாங்கினார். வெளியூர்க்காரர்கள் ஆசையாக வந்து பார்க்க வேண்டும் என்பதும் அதில் ஒரு காரணம். வந்தார்கள். அவளுடைய அண்ணன் ஃபெர்டினாண்டோவின் படத்தின் மேலேயே சாய்ந்தார்கள்.

"நீ மட்டும் அங்கே செல்ஃபி எடுக்கவில்லையா?" என்று என் பழைய போட்டோவைத் தோண்டி எடுத்துப் போட்டவருக்கு: அது இரண்டாம் மாடி ஜன்னல். பின்னால் தெரிவது ஆர்னோ ஆறும் பொன்டே வெக்கியோ பாலமும். ஜன்னல் கிழியாது. சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதே நடைபாதையில் நானும் கூரையைப் பார்த்தபடி பின்னால் போய் ஒரு சிலையின் பீடத்தில் முட்டினேன். காவலர் பெண்மணி ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார். அவ்வளவுதான். காது சூடாகிவிட்டது. நான் சிரிக்கவில்லை. அதைத்தான் நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"தடுப்பு மேடையில்தான் கால் தடுக்கியது, அது நிர்வாகத்தின் தப்பு" என்கிறீர்கள். இருக்கலாம். அடுத்து.

"உஃபிசி என்றாலே ஆபீஸ்கள்தானே, கவர்மென்ட் கட்டடத்துக்கு இவ்வளவு அலம்பலா?" ஆமாம், 1560இல் கட்டடக் கலைஞர் வசாரி கட்ட ஆரம்பித்தது ஆபீஸ்தான். 1769இலேயே பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட ஆபீஸ். 1993 மே மாதம் பக்கத்துச் சந்தில் மாஃபியா வைத்த குண்டில் ஒரு தாய், தகப்பன், இரண்டு பெண் குழந்தைகள், ஒரு மாணவர் என ஐந்து பேர் செத்தார்கள். மூன்று ஓவியங்கள் மிச்சமில்லாமல் போயின. குண்டு வைத்தவனையும் போட்டோ எடுத்தவரையும் ஒன்றாக்குகிறேனா? இல்லை. கேட்பீர்கள் என்று தெரியும், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். இல்லை.

"படம் பார்க்க இத்தாலி போன மகராசி" என்றது யார் என்றும் பார்த்தேன். போவதற்கு முன் மூன்று ராத்திரி என்னிடம் டிக்கெட் விவரம் கேட்டவர். பரவாயில்லை, மறுபடியும் சொல்கிறேன்: திங்கட்கிழமை லீவு. மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், அன்று கூட்டம் நெரியும். காலை எட்டேகாலுக்கே போய்விடுங்கள். பையை முதுகில் மாட்டாதீர்கள்.