பத்து ரூபாய்க்கு ஐஞ்சு லட்சம்

(கிளிநொச்சிச் சந்தையடியில் மணிக்கூடு திருத்துற கடை. தம்பி பத்து ரூபாய் நாணயம் ஒன்றை நீட்டுகிறார்.)

தம்பி: அண்ணை, இந்தக் குத்தியிலை பூச்சியம் ரெண்டாத் தெரியுதோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ.

அண்ணை: தெரியுது.

தம்பி: அப்ப ஐஞ்சு லட்சம். இரட்டை அச்சுக் குத்திக்கு அவ்வளவு விலையாம்.

அண்ணை: பத்து ரூபா.

தம்பி: ரெண்டாத் தெரியுதெண்டு நீங்கள்தானே சொன்னியள்!

அண்ணை: ரெண்டாத் தெரியிறதெல்லாம் இரட்டை அச்சில்லை. இந்தா, 10 மடங்கு கண்ணாடி. லைற்றை மேலாலை அடிக்காதை, பக்கத்தாலை அடி. ரெண்டாவது பூச்சியம் எப்பிடிக் கிடக்கு?

தம்பி: முதலாவதுக்குக் கீழை, படிக்கட்டு மாதிரி. தட்டையா மினுங்குது.

அண்ணை: முதலாவது?

தம்பி: அந்தப் பக்கம் மெலிஞ்சு போச்சு.

அண்ணை: முடிஞ்சுது கதை. குத்தி அடிக்கிற அச்சு இறுக்கமில்லாட்டி அடிச்ச கையோடை ஆடும். ஆடேக்கை, அப்பதான் எழும்பின எழுத்தின்ரை கரையை வழிச்சுத் தள்ளிப்போடும். மெஷின் ஆட்டம். சல்லிக்காசுக்கும் பெறாது.

தம்பி: அரிதில்லையோ?

அண்ணை: உன்ரை ஓட்டோ ஆடாமல் ஓடுற நாள்தான் அரிது.

தம்பி: அப்ப மெய்யான இரட்டை எப்பிடி இருக்கும்?

அண்ணை: அச்சுச் செய்யேக்கையே பிழைக்கோணும். உருவம் இருக்கிற தாய் அச்சை உருக்குக் கட்டையிலை அமத்தித்தான் அச்சு எடுக்கிறது. முந்தி ஒரு அமத்தல் காணாது. சூடாக்கி இளக்கிப்போட்டுத் திரும்ப அமத்துவினம். ரெண்டாந்தரம் கொஞ்சம் விலத்தினால் அச்சிலையே ரெண்டு உருவம். அமெரிக்காவின்ரை 1955ஆம் ஆண்டு ஒரு சதக் குத்தியிலை கொஞ்சம் அப்பிடித்தான், வருசமும் எழுத்தும் வெறுங்கண்ணுக்கே ரெண்டாத் தெரியும். ரெண்டும் உருண்டு திரண்டு நிக்கும், எழுத்தின்ரை மூலையிலை வெட்டு விழுந்து பிரியும். எழுத்து தடிக்குமே தவிர மெலியாது.

தம்பி: இதுவும் தடிச்சுத்தான் கிடக்கு.

அண்ணை: இப்பதானே மெலிஞ்சதெண்டாய்?

தம்பி: அது நீங்கள் சொல்ல முந்தி.

அண்ணை: அமெரிக்காவிலை 1990களின்ரை கடைசியிலை இருந்து ஒரே அமத்தல்தான். அதிலையும் பிழைக்கும், ஆனால் கனக்கக் குத்தியின்ரை நடுவிலை, கண்ணாடி இல்லாட்டித் தெரியாத அளவிலை.

தம்பி: என்னட்டை இன்னும் கிடக்கண்ணை. (பால்மா டின்னைக் கவிழ்க்கிறார்.) எல்லாம் இரட்டை!

அண்ணை: இது இடப்பக்கம் தள்ளியிருக்கு, இது கீழ்ப்பக்கம். இது ரெண்டு பக்கமும் வீங்கி மங்கிக் கிடக்கு, தேஞ்ச அச்சு. ஒரே அச்சிலை விழுந்ததெண்டால் எல்லாத்திலையும் இரட்டை ஒரே இடத்திலை, ஒரே அளவிலை நிக்கோணும். இதென்ன, இவ்வளவு வெள்ளையா?

தம்பி: புளி போட்டு மினுக்கினன்.

அண்ணை: மெய்யா இருந்திருந்தாலும் விலையைப் புளியோடை கழுவி ஊத்திப்போட்டாய்.

தம்பி: வீடியோவிலை ஐஞ்சு லட்சமெண்டு சொன்னாங்கள்.

அண்ணை: சொன்னவன் வாங்கிறானோ?

தம்பி: வாங்குவாங்களாம். பதிவுக்கு 3,500 போடச் சொன்னாங்கள்.

அண்ணை: போட்டியோ?

தம்பி: ரெண்டு தரம். முதல்தரம் விழேல்லையாம்.

அண்ணை: அதுதான் மெய்யான இரட்டை.

தம்பி: ...

அண்ணை: கடையிலை மிச்சக் காசுக்கு டொபி தாறாங்கள். கொண்டக்டர் "இறங்கேக்கை தாறன்" எண்டிட்டு மாங்குளம் தாண்டீற்றான். குத்தியெல்லாம் எங்கை போச்சுதெண்டு இப்பதான் விளங்குது. பற்றறி மாத்தினதுக்கு 350. டின்னிலை இருந்து எண்ணி வை, 35 குத்தி.

தம்பி: மெலிஞ்சதைத் தரட்டோ, தடிச்சதைத் தரட்டோ?