வாத்து சுடும் துப்பாக்கிக்கு வந்த கண்டனம்

1918 செப்டம்பர், முதல் உலகப் போர். ஸ்விட்சர்லாந்து வழியாக அமெரிக்காவுக்கு ஜெர்மனி ஒரு கண்டனம் அனுப்புகிறது. அமெரிக்க வீரர்கள் ஷாட்கன்னோடு, அதாவது ஒரே வெடியில் பல குண்டுகளைச் சிதறடிக்கும் துப்பாக்கியோடு, சண்டைக்கு வருகிறார்களாம். தேவையில்லாத வேதனை தரும் ஆயுதங்களைத் தடை செய்த ஹேக் விதிகளுக்கு (போர் முறைகளுக்கான சர்வதேச ஒப்பந்தம்) அது விரோதமாம். ஷாட்கன்னோடு, ஏன், அதன் தோட்டாவோடு பிடிபட்டாலே மரணதண்டனை என்றும் எச்சரித்தது.

1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் குளோரின் நச்சு வாயுவைத் திறந்துவிட்ட அதே ஜெர்மனிதான். (பிறகு பிரிட்டனும் பிரான்சும் அதையே செய்தன, அதையும் சொல்லிவிடுகிறேன்.)

அந்த ஷாட்கன் வின்செஸ்டர் 1897. ஊரில் வாத்து சுடுவதற்கு வாங்குகிற துப்பாக்கி. குழலை 20 அங்குலமாகக் குறுக்கி, கை சுடாமலிருக்க மேலே ஓட்டை போட்ட தகட்டை மாட்டி, முனையில் பயோனெட் என்ற குத்துக்கத்தியைச் செருகினார்கள். ஒரு தோட்டாவில் 9 ஈயக் குண்டுகள். விசையை விடாமல் அழுத்திக்கொண்டு முன்பிடியை இழுத்துத் தள்ளினால், ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு வெடி. பதுங்கு அகழியின் குறுகலான வளைவுகளில் நாலடி நீள ரைஃபிளைத் திருப்பவே இடமிருக்காது. அங்கே இது எமன்.

ஆனால் அதே குறுகல், அதே சிக்கல் ஜெர்மானியர்களுக்கும் இருந்ததே! அவர்கள் கண்ட விடை எம்.பி. 18. ஹியூகோ ஷ்மைசர் வடிவமைத்த சப்மெஷின் கன், அதாவது ஒருவரே தூக்கிச் சுடும் சிறு இயந்திரத் துப்பாக்கி; நத்தை ஓடு மாதிரியான தோட்டாப் பெட்டியில் 32 தோட்டாக்கள், நாலைந்து நொடியில் அத்தனையும் காலி. கண்டனம் வந்த அந்த ஆண்டே அவர்களுடைய அதிரடிப் படை அதைச் சுமந்து திரிந்தது. உடம்பில் ஒன்பது குண்டு பாய்வது கொடூரம், பத்து பாய்வது நியாயமா? எனக்கு அந்தக் கணக்கு இன்னும் பிடிபடவில்லை.

அமெரிக்க வெளியுறவுச் செயலர் ராபர்ட் லான்சிங் பணியவில்லை. ஒருவனைக் கொன்றாலும் பதிலடி உண்டு என்றார். அப்படி யாரும் கொல்லப்பட்டதாகப் பதிவில்லை. நவம்பர் 11-ல் போரே முடிந்துவிட்டது.

சொல்லப்போனால் ஷாட்கன்னை ஹேக் விதியை விட அதிகம் படுத்தியது ஈரம்தான். தோட்டாவின் உறை காகிதம். அகழிச் சேற்றில் ஊறி உப்பிவிடும், குழலுக்குள் போகாது. தீபாவளி மழையில் நமத்துப்போன பட்டாசை நினைத்துக்கொள்ளுங்கள்; எதிரில் மட்டும் பயோனெட்டோடு ஒருவன் வருகிறான். பித்தளை உறை கேட்டு எழுதினார்கள்.

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்கு அமெரிக்காவின் மரைன் படையினர் இதே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கேயும் காகிதத் தோட்டா நமத்தது.