உளவியலாளர்களே, உளவியலை நம்பிப் படியுங்கள்

உளவியல் உரிமத் தேர்வுக்குப் படிப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே ஆதங்கம்தான். நினைவு எப்படிப் பதிகிறது, மறதி எப்படி வருகிறது என்று ஆண்டுக்கணக்கில் படித்தவர்கள் நாம். அதைப் பற்றி மற்றவர்களுக்கு வகுப்பும் எடுக்கிறோம். ஆனால் நமக்கென்று ஒரு தேர்வு வந்ததும் அந்த அறிவியலை மூட்டை கட்டி வைத்துவிட்டு, தடித்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்கிறோம். முடிந்ததும் மறுபடியும் முதல் பக்கம். கையில் மூன்று நிறங்களில் பேனா.

இப்படிப் படிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தப் பதிவு.

அமெரிக்காவிலும் கனடாவிலும் உளவியலாளராகத் தனித்துப் பணிபுரிய, பெரும்பாலான இடங்களில் இபிபிபி (EPPP) என்ற உளவியல் உரிமத் தேர்வில் தேறியாக வேண்டும். 1965 முதல் நடந்துவரும் தேர்வு இது. கொடுக்கப்பட்ட விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்கும் 225 கேள்விகள். நேரம் 4 மணி 15 நிமிடம். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். இவற்றில் 175 கேள்விகளுக்கு மட்டுமே மதிப்பெண். மீதி 50 கேள்விகள் பின்னாளைய தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கப்படுபவை. எவை அந்த ஐம்பது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே எங்கும் கேள்விப்பட்டிராத ஒன்று திரையில் வந்தால் அதோடு மல்லுக்கட்டாமல் ஒரு விடையைக் குறித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இனி, வாசிப்பதற்கும் நினைவுகூர்வதற்கும் உள்ள வேறுபாட்டுக்கு வருகிறேன். 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு ஆய்வாளர்கள் மாணவர்களிடம் ஓர் உரைநடைப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதைத் திரும்பத் திரும்ப வாசித்தது. இன்னொரு குழு ஒரே ஓர் அமர்வில் மட்டும் வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து மூன்று முறை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்த குழுவே முன்னால் நின்றது. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது: வாசித்தவர்களுக்கு ஏறத்தாழ 40 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். என்னை உலுக்கிய செய்தி வேறு. நமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் வாசித்த குழுவினர்தான்.

அந்த நம்பிக்கைதான் ஆபத்து. நான்காவது முறை வாசிக்கும்போது பக்கம் பழகிவிடுகிறது. கண் வழுக்கிக்கொண்டு போகிறது. ‘இதெல்லாம் தெரிந்ததுதானே’ என்று மனம் சொல்கிறது. தேர்வறையில் அந்தப் பக்கம் இருக்காது. அதே கருத்து அறிமுகமில்லாத ஒரு கதைக்குள் ஒளிந்துகொண்டு வரும்.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம், நானே எழுதியது. இரவில் தூங்க மறுத்துக் குழந்தை வீறிட்டு அழுகிறது. தாய் கைபேசியைக் கொடுக்கிறார். அழுகை நின்றுவிடுகிறது. மறுநாள் குழந்தை சிணுங்கத் தொடங்கியதுமே கைபேசி கைமாறுகிறது. தாயின் இந்தச் செயலை நிலைக்கச் செய்வது எது? நேர்மறை வலுவூட்டல் (விரும்பியது கிடைப்பதால் செயல் வலுப்பெறுவது), எதிர்மறை வலுவூட்டல் (தொல்லை நீங்குவதால் செயல் வலுப்பெறுவது), தண்டனை, அற்றுப்போதல் (வலுவூட்டல் நின்றதால் செயல் மறைவது) என நான்கு விடைகள்.

சரியான விடை எதிர்மறை வலுவூட்டல். தொல்லை தந்த அழுகை நீங்கியது. அதனால் கைபேசி கொடுக்கும் பழக்கம் வலுப்பெற்றது. இதை ஒருவர் தவறவிட்டால் ‘தவறு’ என்று சிவப்பில் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். அங்கேதான் பெரிய இழப்பு. நேர்மறை வலுவூட்டலைத் தேர்ந்தவருக்குக் கோட்பாடு தெரியும். ஆனால் அவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார், கேள்வி கேட்டது தாயைப் பற்றி. அற்றுப்போதலைத் தேர்ந்தவர் அழுகை நின்றதை மட்டும் பிடித்துக்கொண்டார். தண்டனையைத் தேர்ந்தவர், ‘எதிர்மறை’ என்றால் கெட்டது என்று அடிமனத்தில் எங்கோ முடிச்சுப் போட்டு வைத்திருப்பதால், சரியான விடையைக் கண்டதுமே ஒதுக்கியிருக்கக்கூடும். மூவரும் இழந்தது ஒரே ஒரு மதிப்பெண். மூவருக்கும் தேவையான மருந்து வேறு வேறு. முதலாமவர் பாடத்தைத் திரும்பப் படிப்பது வீண். அவர் பழக வேண்டியது கேள்வியை நிதானமாக வாசிப்பதை. மூன்றாமவர் அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

இதனால்தான் ஒரு நாளைக்கு இருநூறு பயிற்சிக் கேள்விகள் போட்டேன் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை. நாற்பது போதும். ஆனால் ஒவ்வொன்றிலும் தவறான விடைகள் ஏன் தவறு என்று வாய்விட்டுச் சொல்ல முடிய வேண்டும், சரியாகப் போட்ட கேள்விகளிலும்கூட. ஊகித்துச் சரியாகப் போட்டதைத் தெரிந்து போட்டதாக எண்ணுவதைப் போல ஏமாற்றுவது வேறில்லை.

வாய்விட்டுச் சொல்வதைத் தமிழில் செய்து பாருங்கள். ஒரு பரிசோதனையின் உணர்திறன் என்றால், கோளாறு உள்ளவர்களில் எத்தனை பேரை அது சரியாகக் கண்டுகொள்கிறது என்பது. தனித்தன்மை என்றால், கோளாறு இல்லாதவர்களில் எத்தனை பேரை ‘இல்லை’ என்று சரியாகச் சொல்கிறது என்பது. இதுவரை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அதே பரிசோதனையை மனநல மருத்துவமனையிலும் சாதாரணப் பள்ளியிலும் நடத்தினால், ‘இருக்கிறது’ என்று வந்த முடிவை எங்கே அதிகம் நம்பலாம், ஏன்? இதை உளவியல் படிக்காத அக்காவிடமோ அண்ணனிடமோ தொலைபேசியில் விளக்கிப் பாருங்கள். கோளாறு அரிதாக உள்ள இடத்தில் பொய்யான ‘இருக்கிறது’கள் பெருகும் என்பதை அவர்களுக்குப் புரியவைத்துவிட்டால், தேர்வில் அந்தக் கேள்வி எந்த வேடத்தில் வந்தாலும் அடையாளம் தெரியும். தடுமாறினால், புரிந்ததாக நினைத்தது பழகிய ஆங்கில வாக்கியத்தை மட்டும்தான்.

நேரத்தைப் பிரிப்பதிலும் பயம் நம்மை ஆட்டிவைக்கிறது. தேர்வில் எட்டுப் பகுதிகள். மதிப்பீடும் நோயறிதலும் 16 சதவீதம். அறநெறி, சட்டம், தொழில்முறைச் சிக்கல்கள் இன்னொரு 16. சிகிச்சையும் தலையீடும் 15. ஆய்வுமுறையும் புள்ளியியலும் வெறும் 7. ஆனால் புள்ளியியலைக் கண்டு நடுங்கி அதற்கே வாரக்கணக்கில் ஒதுக்குகிறவர்கள் ஏராளம். இன்னொரு பக்கம், ‘தினமும் செய்கிற வேலைதானே’ என்று அறநெறியைக் கடைசி மூன்று நாளுக்குத் தள்ளுகிறார்கள். பணியிடத்தின் வழக்கம் வேறு, நெறிமுறை விதி கோருவது வேறு. அனுபவசாலிகள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

இடைவெளி விட்டுத் திரும்பிப் படிப்பதைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. அப்படிப் படித்தால் நினைவில் நன்றாக நிற்கும் என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்காஸ் 1885-லேயே காட்டிவிட்டார். ஒரு பகுதியை முழுதாக முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவேன் என்று பிடிவாதம் பிடிக்காமல், எட்டையும் கலந்து சுழற்சியில் வையுங்கள்.

முழுநீள மாதிரித் தேர்வுகளை அதற்குரிய நேரம் முழுவதும் உட்கார்ந்தே எழுதுங்கள். மூன்றாவது மணி நேரத்தில் கண் வரியைத் தாண்டத் தொடங்கும். ‘தவிர’, ‘முதலில்’ போன்ற சொற்கள் பார்வையிலிருந்து நழுவும். அதற்குப் பழக வேறு வழி கிடையாது.

மதிப்பெண்ணைப் பற்றியும் ஒரு சொல். 200 முதல் 800 வரையிலான அளவுகோலில், தனித்துப் பணிபுரியப் பரிந்துரைக்கப்படும் தேர்ச்சி 500. இது சதவீதம் அன்று. பயிற்சித் தேர்வில் வாங்கிய சதவீதத்தை இதோடு ஒப்பிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 480 வாங்கியவர் மோசமான சிகிச்சையாளர் என்றும் பொருளில்லை. எதிரில் உட்கார்ந்து அழுகிறவரோடு எப்படி இருப்பது என்பதை இந்தத் தேர்வு அளப்பதில்லை. அது கேட்பது துறையின் அடிப்படை அறிவை. அந்த அறிவு நமக்கு வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். பதற்றம் என்று வந்தவருக்குத் தைராய்டு கோளாறும் இருக்கலாம் என்று சந்தேகிக்கத் தெரியாதவரிடம் என் உறவினரை நான் அனுப்ப மாட்டேன். தேறவில்லை என்பதை வீட்டாரிடமும் நண்பர்களிடமும் மறைத்துக்கொண்டு தனியாகப் புழுங்குகிறவர்களை நினைத்தால்தான் மனம் வலிக்கிறது. பன்னிரண்டு மாதங்களுக்குள் நான்கு முறை வரை எழுத இடமுண்டு.

இந்த ஆண்டு எழுதுகிறவர்கள் எந்தப் பகுதியில் சிக்கியிருக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். ஞாயிறு மாலைகளில் நான் கேள்வி கேட்கிறேன், நீங்கள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தமிழில் விடை சொல்லுங்கள்.