மண்ணுக்குள் இருக்கும் இலைக்கும் வெளிச்சம் உண்டு

சனிக்கிழமை அறிவியல் கண்காட்சியில் நடந்ததை உங்களில் பலர் நேரிலேயே பார்த்தீர்கள். மகளுக்கு மதிப்பெண் குறைந்தது என் வருத்தமில்லை. "மண்ணுக்குள் புதைந்த இலை ஒளிச்சேர்க்கை செய்யாது" என்று நடுவர் அந்தப் பதினொரு வயதுப் பிள்ளையை எல்லார் முன்னிலையிலும் திருத்தினாரே, அதுதான் மூன்று நாள்களாக என்னை உறுத்துகிறது. புதைந்த இலையும் செய்யும். அவள் எழுதியது சரி.

அவள் வைத்திருந்த ஃபெனஸ்திரேரியா, தெற்கு நமீபியாவிலும் அதை அடுத்த தென்னாப்பிரிக்கப் பகுதியிலும் மணலில் வளரும் செடி. விரல் போன்ற இலைகள் மணலுக்குள் நிற்க, தட்டையான நுனி மட்டுமே வெளியே தெரியும். கண்ணாடி ஜன்னல் போன்ற அந்த நுனி வழியாக நுழையும் ஒளி, நடுவில் நீரைத் தேக்கி வைத்திருக்கும் தெளிந்த திசுவில் பரவி, இலைச்சுவரின் உட்புறத்தை ஒட்டியுள்ள பச்சைத் திசுவை அடைகிறது. கூழாங்கல் போலத் தெரியும் லித்தாப்ஸ் செடியிலும் இதே அமைப்புதான்.

பாலைவனத்தில் வெயிலுக்கா பஞ்சம், இலைக்கு ஜன்னல் எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. அங்கே பஞ்சம் நீருக்குத்தான். மணலுக்குள் ஒதுங்கினால் வெப்பமும் நீர் ஆவியாவதும் குறையும், ஆனால் இலை இருட்டில் சிக்கிவிடும். அந்த இருட்டைத் தீர்க்கவே ஜன்னல். மழை ஓயாத நம் ஊரில் இந்தச் செடி எதற்கு என்று கேட்பவர்களுக்கு, அவள் அதைக் கூரைக்கடியில் வைத்து நீரை அளந்து ஊற்றுகிறாள் என்பதே என் பதில்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம், பாட்டி பால்மரம் வெட்டிய ரப்பர் தோட்டத்தில், எங்கள் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பின்னால் ரணகள்ளி வளர்ந்திருந்தது. காலையில் பள்ளிக்குப் போகும்போது அதன் இலையைக் கடித்தால் புளிக்கும், மத்தியானம் திரும்பி வந்து கடித்தால் புளிப்பு இருக்காது. இதை வகுப்பில் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள், ஆசிரியரும் சிரித்தார். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன், அதே செடியின் இலையைச் சுவைத்துப் பார்த்து அதையே 1813ஆம் ஆண்டுக் கடிதத்தில் எழுதியிருந்தார் என்பதை நான் அறிந்தபோது எனக்கு முப்பது வயது கடந்திருந்தது. அந்தச் செடியின் இலைத்துளைகள் இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்குகின்றன. அது புளிப்பான மாலிக் அமிலமாகச் சேர்ந்திருந்து, பகலில் துளைகள் பெரும்பாலும் மூடியிருக்கும்போது வெளிச்சத்தில் செலவாகிறது. புளிப்பு மறைவதற்கு அதுவே காரணம். அன்றைக்கு என் வாயில் இருந்த சுவையை ஒருவர்கூடச் சோதித்துப் பார்க்கவில்லை.

சிறுவர் போட்டிக்கு இவ்வளவு நீளப் பதிவா என்பவர்களுக்கு: ஆம், இவ்வளவு நீளம்தான். தோட்டத்துப் பிள்ளை தன் கண்ணால் பார்த்ததைச் சொன்னால், முதலில் அதைப் பார்த்துவிட்டு மறுக்க வேண்டும். அவள் ஓர் இலையை நெடுக்காக வெட்டி, உள்ளிருக்கும் பச்சை தெரியும்படி தட்டில் வைத்திருந்தாள். நடுவர் குனியவே இல்லை.

நேற்றிரவு, குறிப்பேட்டில் அந்த வரியை அடித்துவிடலாமா என்று கேட்டாள். நடுவர் ஐயா இதைப் படித்தால், அடிக்க வேண்டாம் என்று அவளிடம் நேரில் ஒருமுறை சொல்லும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். செடி எங்கள் வீட்டு வாசலில்தான் இருக்கிறது.