மின்சார கார் தயாரிப்பை நிறுத்திவிட்டார்களா?

"வால்வோ, ஃபோர்டு, மெர்சிடிஸ் எல்லாம் மின்சார கார் தயாரிப்பையே மூடிவிட்டன. உங்கள் வண்டியை உடனே விற்றுவிடுங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

திட்டங்கள் மாறியது உண்மைதான். ஆனால் என்ன மாறியது? 2030-க்குள் மின்சார கார்களை மட்டுமே விற்போம் என்று வால்வோ 2021-ல் அறிவித்திருந்தது. 2024 செப்டம்பரில் அதைத் தளர்த்தியது. அப்போது அறிவித்த புதிய இலக்கு, விற்பனையில் 90 முதல் 100 சதவீதம் மின்சார கார்களும் ப்ளக்-இன் ஹைபிரிடுகளும். அதாவது சார்ஜும் போடலாம், பெட்ரோலும் ஊற்றலாம் என்ற வண்டிக்கும் இடம் விட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான். இதைக் கடையை மூடியதாகச் சொல்வது அநியாயம். ஃபோர்டு 2024 ஆகஸ்டில் கைவிட்டது, மூன்று வரிசை இருக்கை கொண்ட மின்சார எஸ்யூவி திட்டத்தை. மெர்சிடிஸ் தன் மின்சார கார் விற்பனை இலக்கைச் சில ஆண்டுகள் தள்ளிப்போட்டது.

விலை, சார்ஜ் போடும் வசதி என வாங்குபவர்களுக்குத் தயக்கம் இருக்கிறது. அப்படியிருந்தும் அதே 2024-ல் ப்ளக்-இன் ஹைபிரிடையும் சேர்த்து உலகில் 1.7 கோடிக்கும் மேல் மின்சார கார்கள் விற்றன. புதிய கார்களில் ஐந்தில் ஒன்றுக்கும் அதிகம். சர்வதேச எரிசக்தி முகமையின் ஆண்டறிக்கையிலும், நிறுவனங்களின் இணையதளச் செய்திக்குறிப்புகளிலும் இவற்றை நீங்களே சரிபார்க்கலாம்.

எங்கள் தெருவில் ஒருவர் இந்தச் செய்தியைப் படித்துவிட்டு, கடன் போட்டு வாங்கிய காரை வந்த விலைக்குத் தள்ளிவிடப் பார்த்தார். தயவுசெய்து இதை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போட்டுவிடுங்கள்.